கொல்லையில் கோழி, வாசலில் நாய், மதில்மேல் பூனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழி வளர்க்கிறேன் என்று தெரிந்தால் போதும், பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தச் சந்தேகங்களில்தான் வந்து நிற்கும். அதிலும் நாயோ பூனையோ காய்கறிப் பாத்தியோ ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்காரர்கள் கேட்பது அநேகமாக ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முதலில் வருபவை எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

1. சேவல் இல்லாம கோழி முட்டை போடுமா?

போடும். சேவல் இருந்தால்தான் முட்டையில் கரு பிடிக்கும், அவ்வளவுதான். குஞ்சு வேண்டாம், முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. மஞ்சள் கருவில் ரத்தப் பொட்டு தெரிந்தால் கரு பிடித்த முட்டை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். முட்டை உருவாகும்போது சிறு ரத்தக்குழாய் கசிந்ததால் வருவது அது. தாராளமாகச் சாப்பிடலாம்.

2. எத்தனை கோழியில ஆரம்பிக்கலாம்? எவ்வளவு இடம் வேணும்?

மூன்று. ஒற்றைக் கோழி தனிமையில் வாடிப்போகும். இரண்டில் ஒன்று செத்தால் மற்றது தனியாகிவிடும். இரவு அடையும் கூட்டில் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, பகலில் திரியும் அடைப்பில் 10 சதுர அடி கொடுத்தால் சண்டை குறையும். உட்கார்ந்து தூங்க மரக்கட்டையில் ஆளுக்கு ஒரு சாண். முட்டையிடும் பெட்டி நான்கைந்து கோழிக்கு ஒன்று போதும். எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசை கட்டும், அது வேறு கதை.

3. எங்க நாய் ரொம்பச் சாது, ஒரு ஈயைக்கூடக் கடிக்காது. கோழியோட விடலாமா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. நாயின் குணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நாய் கோழியைத் துரத்துவதற்குக் கோபம் காரணமல்ல. படபடவென்று இறக்கை அடித்து ஓடும் எதையும் துரத்துவது அதன் உடம்பில் ஊறியது. கோழி நின்று மேயும்போது பக்கத்தில் படுத்துத் தூங்கும் நாய், இரண்டு கோழிகள் சண்டையிட்டுக் குதிக்கும்போது அதே நாயாக இருக்காது. இரண்டு நாய்கள் சேர்ந்துவிட்டால் ஒன்றை ஒன்று தூண்டிவிடும்.

பழக்க விரும்பினால் முதல் சில வாரங்கள் கோழி அடைப்புக்குள், நாய் கயிற்றில். நாயின் முகத்தைப் பாருங்கள். வாய் மூடி, உடம்பு விறைத்து, ஒரு முன்காலைத் தூக்கியபடி கண்கொட்டாமல் பார்த்தால் அது வேட்டைப் பார்வை. அதட்டாமல் தள்ளி அழைத்துச் சென்றுவிடுங்கள். வாய் லேசாகத் திறந்து, வால் தளர்ந்து, கோழியை விட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால், அந்த நொடியில் தின்பண்டம் கொடுங்கள். நாய் படிக்க வேண்டிய பாடம் கோழியிடமிருந்து திரும்புவதுதான்.

இத்தனையும் செய்தபிறகும் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது இடையில் வேலி வேண்டும். நான் கேள்விப்பட்ட சாவுகள் அநேகமாக எல்லாமே “ஐந்து நிமிஷம் உள்ளே போய்ட்டு வந்தேன்” என்று தொடங்குபவை. குஞ்சுகள் விஷயத்தில் பழக்கம் என்ற பேச்சே வேண்டாம்.

4. பூனை இருந்தா கோழியைப் பிடிச்சிடுமா?

வளர்ந்த கோழியிடம் பெரும்பாலான பூனைகள் வாலாட்டாது. மூக்கில் ஒரு கொத்து வாங்கினால் அடுத்தமுறை சுற்றிக்கொண்டு போகும். குஞ்சுகள் கதை வேறு. ஏறக்குறைய இரண்டு மாதம் வரை குஞ்சுகளைக் கம்பிவலைக்குள்ளோ பஞ்சாரத்துக்குள்ளோ வைத்துத்தான் ஆகவேண்டும். தாய்க்கோழி பூனையை விரட்டும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு பக்கம் விரட்டும்போது மறுபக்கம் காவல் இருக்காது.

பூனை வாயிலிருந்து மீட்ட குஞ்சில் காயமே தெரியாவிட்டாலும் அலட்சியம் வேண்டாம். ஊசி குத்தியது போன்ற பல் துளை வழியாகக் கிருமி இறங்கி ஓரிரு நாளில் பறவை செத்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. கோழிவலை போட்டிருக்கேன், அது போதாதா?

அறுகோணக் கண் உள்ள அந்த மெல்லிய வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்காது. நாய் கிழித்துவிடும். எலி கண் வழியாகவே நுழையும். கீரியும் மரநாயும் சின்ன இடைவெளி கிடைத்தால் போதும் என்றிருப்பவை. கூட்டைச் சுற்றி அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட, பற்றவைத்த கம்பிவலை போடுங்கள். அதன் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்து ஓர் அடி அகலத்துக்குத் தரையில் படியவிட்டு மண்ணும் கல்லும் போட்டு மூடினால், வேலியோரமாகத் தோண்டும் விலங்கு கம்பியில் நகம் பட்டு விட்டுவிடும்.

கதவை அந்தி சாய்ந்ததும் சாத்த வேண்டும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால் தானாகவே வந்து அடைந்துவிடும், துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. தாழ்ப்பாளைப் போடாமல் விட்ட ஒரு ராத்திரி போதும்.

6. கோழி செடியெல்லாம் கிளறி நாசம் பண்ணுது. தோட்டமும் கோழியும் ஒண்ணா இருக்க முடியுமா?

இருக்கலாம், ஒரே நேரத்தில் வேண்டாம். கோழிக்கு உங்கள் நாற்றின் மேல் பகை கிடையாது. இளகிய ஈர மண்ணில் புழு இருக்கும், அதற்காகத்தான் கால் போகிறது. விதைத்த பாத்தியும் இளநாற்றும் வேலிக்குள் இருக்க வேண்டும். வேர் பிடித்த செடிகளின் தூரைச் சுற்றி உள்ளங்கையளவு கற்களை அடுக்கினால் கிளற முடியாது. அறுவடை முடிந்த பாத்தியில் மட்டும் தாராளமாக விடுங்கள். களை, புழு, நத்தை என்று எல்லாவற்றையும் தின்று மண்ணையும் கிண்டிக் கொடுத்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுவது. பூச்சி பொறுக்க நேரம் இருக்கும், பாத்தியைப் புரட்ட நேரம் இருக்காது, இருட்டினால் தானாகக் கூட்டுக்குப் போய்விடும். அடைப்புக்குள்ளேயே கீரை வேண்டுமானால் நாலு சட்டத்தில் கம்பிவலை அடித்து, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கும்படி வைத்து, அடியில் விதையுங்கள். வலைக்கு மேலே நீட்டிக்கொண்டு வரும் நுனியைக் கோழி கொத்தித் தின்னும். வேர் தப்பிக்கும், மறுபடி துளிர்க்கும்.

7. மிச்சம் மீதியை எல்லாத்துக்கும் போடலாமா, இல்ல நாய்க்கு ஒண்ணு கோழிக்கு ஒண்ணுன்னு பார்க்கணுமா?

பார்க்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் வெங்காயம், பூண்டு கூடாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய்க்குத் திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் விஷம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கோழிக்கு ஆகாதவை வேறு பட்டியல்: அவகாடோவின் தோலும் கொட்டையும், வேகாத காய்ந்த பீன்ஸ் விதை, பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, உப்பு மிகுந்த எதுவும். பூஞ்சை பிடித்த தானியம் எந்த உயிருக்கும் வேண்டாம், கோழிக்கு அது கல்லீரலை அடிக்கும் விஷம்.

முட்டைக்கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் எடுக்கும். மிச்சம் மீதி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முட்டை குறையும், ஓடு மெலியும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய 4 சதவீதம். அதைக் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும், ஆகவே குஞ்சுத் தீவனம் தனி.

8. எந்தெந்தச் செடி ஆபத்து?

கோழி வயிறு நிறைந்திருந்தால் கசப்புச் செடியைத் தொடாது. பசியோடு அடைபட்டுக் கிடக்கும் கோழிதான் எதையும் கொத்தும். அரளி எல்லா உயிருக்கும் ஆபத்து, வெட்டிய கிளையைக்கூட அடைப்புப் பக்கம் போடாதீர்கள். லில்லி பூனைக்கு எமன். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும், பூ வைத்த ஜாடித் தண்ணீரும் அப்படித்தான். அழகுக்கு வைக்கும் சைகஸின் விதையை நாய் மென்றால் கல்லீரல் போய்விடும்.

செடியைவிட உரமும் மருந்தும்தான் எனக்குக் கவலை. ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத் தூளும் நாய்க்கு மணக்கும், தோண்டித் தின்னும். புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு மிஞ்சியிருக்கக்கூடும். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணை நாயையும் கோழியையும் சேர்த்தே கொல்லும்.

9. எலி வருது. விஷம் வைக்கலாமா?

வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வகை எலி விஷத்தில் எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அந்தத் தள்ளாடும் எலியைப் பிடிப்பது உங்கள் பூனை, தின்பது நாய், கொத்துவது கோழி. விஷம் அப்படியே கைமாறும்.

எலி கோழிக்காக வருவதில்லை, தீவனத்துக்காக வருகிறது. இரவில் தீவனத் தட்டை எடுத்துவிடுங்கள். மூட்டையை மூடியுள்ள தகர டப்பாவுக்கு மாற்றுங்கள், பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும். மிச்சத்துக்குப் பொறி வைக்கலாம், கோழிக் காலோ பூனைக் காலோ புகாதபடி பெட்டிக்குள் வைத்து. எலி குறைந்தால் அதைத் தேடி வரும் பாம்பும் குறையும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் பிடிக்கும், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

10. கோழி எச்சத்தை நேரா செடிக்குப் போடலாமா? நாய், பூனை கழிவையும் சேர்த்து மட்க வைக்கலாமா?

புது எச்சத்தில் தழைச்சத்து அதிகம், வேரைக் கருக்கிவிடும். காய்ந்த இலையோ மரத்தூளோ இரண்டு மடங்கு சேர்த்துக் குவித்து, அவ்வப்போது புரட்டி, சில மாதம் மட்கவிட்டுப் போடுங்கள். அமோனியா நெடி மூக்கைத் துளைத்தால் காய்ந்த பொருள் போதவில்லை என்று அர்த்தம். கூட்டுக்குள் அதே நெடி வந்தாலும் அப்படித்தான், தரை ஈரமாகிவிட்டது.

நாய், பூனை கழிவு காய்கறி உரக் குவியலுக்கு ஆகாது. அதிலுள்ள புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், வீட்டுக் குவியலின் சூடு அவற்றைக் கொல்லப் போதாது. பூனை விதைப்பாத்தியைக் கழிப்பறையாக்கினால், முளை வரும்வரை மண்மேல் கம்பிவலையைக் கிடத்துங்கள்.

11. நாய் கோழி எச்சத்தைத் தின்னுதே, ஏதாவது ஆகுமா?

பார்க்க அருவருப்பு, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கோழிக்கு ரத்தக்கழிச்சல் தரும் ஒட்டுண்ணி நாயிடம் வேலை காட்டாது. சால்மோனெல்லா என்ற குடல் கிருமி மட்டும் சில சமயம் வயிற்றுப்போக்கு தரலாம், அந்த வாயால் குழந்தை முகத்தை நக்கும் என்பதையும் யோசியுங்கள். கோழிக்கு மருந்து போய்க்கொண்டிருக்கும் நாட்களில் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

12. கோழிக்குப் பேன் வந்து பவுடர் போட்டேன். அதையே பூனைக்கும் போடலாமா?

கூடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்த பொடியும் சொட்டு மருந்தும் பூனைக்கு உயிர் போகும் விஷம். பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. நாய்க்கு அந்த மருந்து போட்டிருந்தால்கூட அது காயும்வரை பூனையைத் தள்ளி வையுங்கள். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத் திறங்கள்.

கோழியைப் பொறுத்தவரை முதல் மருந்து மண்குளியல். மழை படாத மூலையில் காய்ந்த மண் குவிந்திருந்தால் அதுவே புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். பேன் உடம்பிலேயே இருக்கும், ஆசனவாயைச் சுற்றி இறகைப் பிரித்தால் தெரியும். சிவப்புச் செள் அப்படியல்ல, பகலில் மரச்சந்துகளில் ஒளிந்துகொண்டு ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும். கட்டையின் அடிப்பக்கத்தை இரவில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சிவப்பாக இழுத்தால் மருத்துவம் கூட்டுக்கும் தேவை.

13. முட்டையைக் கழுவி வைக்கணுமா?

கழுவாமல் வைப்பதே நல்லது. ஓட்டின் நுண்துளைகளை அடைக்கும் மெல்லிய பூச்சோடுதான் முட்டை வெளியே வருகிறது, கழுவினால் அது போய்விடும். அழுக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் முட்டையைவிடச் சற்றுச் சூடான தண்ணீரில் கழுவி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சீக்கிரம் பயன்படுத்துங்கள். குளிர்ந்த நீர் உள்ளிருப்பதைச் சுருக்கி வெளிக் கிருமியை உள்ளே இழுக்கும்.

14. நல்லா போட்டுக்கிட்டிருந்த கோழி திடீர்னு நிறுத்திடுச்சு, ஏன்?

முதலில் நிஜமாகவே நிறுத்திவிட்டதா என்று பாருங்கள். புதருக்குள் ஒரு டஜன் முட்டையைச் சேர்த்து வைத்திருக்கலாம். அல்லது உங்கள் நாய் தினமும் காலையில் உங்களுக்கு முன்னால் எழுந்திருக்கலாம். ஒரு நாள் கோழியைத் தோட்டத்தில் விடாமல் அடைத்து வையுங்கள், குட்டு வெளிப்படும்.

நிஜமாகவே நின்றிருந்தால் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். இறகு உதிர்க்கும் பருவம்: உடம்பின் புரதமெல்லாம் புது இறகுக்குப் போகும், இரண்டு மூன்று மாதம் முட்டை இருக்காது. பகல் சுருங்கும் காலம்: நன்றாக இட 14 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் வேண்டும். கடும் வெயில்: கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாய் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், தீனி எடுக்காது. பேன், வயது, அடை என்பவையும் உண்டு. நேற்று நாய் துரத்தியிருந்தால் அதுவே போதுமான காரணம்.

15. முட்டையே இல்லாத பெட்டியில அடைக்கு உட்கார்ந்திருக்கு. எப்படி எழுப்பறது?

தூக்கிக் கீழே விட்டால் மறுபடி போய் உட்காரும். அடிப்பக்கம் கம்பிவலையாக உள்ள கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, தீனியும் தண்ணீரும் கொடுத்து, அதற்குள் மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றின் அடியில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்தால் அடை தெளியும். தண்ணீரில் முக்கி எடுப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

குஞ்சு வேண்டுமென்றால் கருவுற்ற முட்டை வைத்து அப்படியே விடலாம். 21 நாள். ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத கூமுட்டைகளை எடுத்துவிடுங்கள். நாய் எட்டிப்பார்க்கும் இடத்தில் மட்டும் அடை வைக்காதீர்கள்.

16. புதுசா ரெண்டு வாங்கி விட்டேன், பழையது எல்லாம் சேர்ந்து கொத்துது!

கொத்தத்தான் செய்யும். யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை கோழிக் கூட்டத்தில் உண்டு என்பதை 1920களின் தொடக்கத்திலேயே நார்வே விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெருப் எப்பே எழுதி வைத்திருக்கிறார். புது ஆள் வந்தால் வரிசை முழுக்க மறுபடி எழுதப்படும்.

முதல் 30 நாள் புதியவற்றைத் தள்ளி வையுங்கள். இது சண்டைக்காக அல்ல, நோய்க்காக. பிறகு ஒரு வாரம் நடுவில் வலை வைத்து ஒன்றை ஒன்று பார்க்க விடுங்கள். தீனித் தட்டு இரண்டு வேண்டும், ஒளிந்துகொள்ள ஒரு பலகையும். ரத்தம் வந்தால் உடனே பிரித்து வையுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவை நிறுத்தாது.

17. வாத்து, முயல் எல்லாம் ஒரே கூட்டில விடலாமா?

வாத்துக்குத் தலையை முக்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும், சுற்றியுள்ள தரை சேறாகும். கோழிக்கோ உலர்ந்த தரை. ஒரே கொல்லையில் சரி, ஒரே கூட்டில் சிரமம். ஆண் வாத்து பெட்டைக்கோழியை மிதித்தால் உள்ளே காயப்படுத்திவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஜோடி வாத்து இல்லாத ஆண் வாத்தைத் தனியே வையுங்கள். தோட்டத்துக்கு வாத்து நல்ல ஆள், கிளறாமல் நத்தையைத் தின்னும். முயலுக்குக் கூடு தனிதான்: கோழி கண்ணைக் கொத்தும், எச்சம் அதன் தீனியில் விழும்.

18. சேவல் விடியறதுக்கு முன்னாடியே கூவி அக்கம்பக்கம் சண்டை. நிறுத்த வழி இருக்கா?

முழுக்க நிறுத்த முடியாது. வெளிச்சமே படாத அறையில் வைத்தாலும் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின்படி சேவல் கூவும் என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். பல சேவல்கள் இருந்தால் பதவியில் மூத்ததுதான் முதலில் கூவும் என்பதும் அவர்கள் கண்டதே. இருட்டுக் கூடு சத்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். கழுத்தில் பட்டை கட்டுவதை நான் சொல்லமாட்டேன், மூச்சுத் திணறும். குஞ்சு தேவையில்லாத வீட்டுக்கு முதல் கேள்வியின் பதிலே தீர்வு.

19. வீட்ல சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் இருக்காங்க. வைக்கலாமா?

வைக்கலாம். பார்வைக்கு ஆரோக்கியமான கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குஞ்சுக்கு முத்தம் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கூடுதல் கவனம்.

கர்ப்பிணிக்குப் பயம் பூனையின் கழிவில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது வெளியேறிய ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். வேறு யாராவது தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். கர்ப்பிணி தோட்டத்து மண்ணைத் தொடும்போது கையுறை போடட்டும். பூனையை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை.

20. ஒரு கோழி குறுகி நிக்குது. பறவைக் காய்ச்சல்னா நாய், பூனைக்கும் வருமா?

குறுகி நிற்பது எந்த நோய்க்கும் பொது அடையாளம். முதலில் தனியே எடுத்து வையுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உண்டு, குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு விடத் தொடங்க வேண்டும். நோய் வந்தபின் மருந்தில்லை. வேறு நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால், மருந்து முட்டையில் தங்கும் விலக்கு நாட்கள் முடியும்வரை முட்டையைச் சாப்பிடாதீர்கள்.

எச்5என்1 பறவைக் காய்ச்சல் பூனையைப் பிடிக்கும், கொல்லவும் செய்யும். செத்த பறவையைத் தின்பதும் பச்சை இறைச்சியும்தான் முக்கிய வழி. நாய்க்கும் வரலாம், அரிது. பல கோழிகள் ஒரே நேரத்தில் செத்தால் வெறுங்கையால் தொடாமல், நாய் பூனையை உள்ளே கட்டிவிட்டு, கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

21. நாய் ஒரு கோழியைக் கொன்னுடுச்சு. இனிமே திருத்த முடியுமா?

நம்பும் அளவுக்குத் திருத்த முடியாது. துரத்திப் பிடித்ததே நாய்க்குப் பரிசாகிவிட்டது. செத்த கோழியைக் கழுத்தில் கட்டினால் திருந்தும் என்பார்கள், அடிக்கச் சொல்வார்கள். எதற்காக அடி விழுகிறது என்று நாய்க்குப் புரியாது. உங்கள் முன்னால் செய்யாமல் முதுகுக்குப் பின்னால் செய்யக் கற்றுக்கொள்ளும். நாயை விட்டுவிடவும் வேண்டாம், கோழியை விற்கவும் வேண்டாம். மூன்றாவது பதிலில் சொன்ன வேலி இனி நிரந்தரம். நாய் வெளியே இருக்கும் நேரம் கோழி உள்ளே, கோழி மேயும் நேரம் நாய் உள்ளே.

தப்பிய கோழிகளை அன்றைக்கே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். அதிர்ச்சியில் அவை வலியைக் காட்டாது. இறக்கையின் அடியிலும் முதுகின் பின்பகுதியிலும் இறகை எதிர்த்திசையில் ஊதிப் பிரித்தால் தோல் தெரியும். துளையோ கிழிசலோ இருந்தால் உப்பு நீரில் கழுவி, இருட்டான, கதகதப்பான பெட்டியில் தனியே வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஈ மொய்க்க விட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.